நைலோன் உறை

அத்தியாயம் 6

தன்ஸீலின் வாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. மூளை வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையிலும் அப்படித்தான் நடந்தது.

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் ஜலால்தீன் நானாவின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது சிவகௌரியின் துப்பறியும் அலுவலகம். யார் என்ன துயரத்தோடு படியேறி வந்தாலும் முதலில் பெருங்காய வாசனையும் கருவாட்டு வாசனையும்தான் அவர்களை வரவேற்கும். சிவகௌரி காப்புறுதி நிறுவனங்களுக்காக அரை ஆயுள் முழுக்கப் பொய்க் கோரிக்கைகளைத் தோண்டியெடுத்தவர்; ஐம்பது தாண்டியதும் சொந்தமாகப் பலகை மாட்டிக்கொண்டார். தன்ஸீல் அவருடைய உதவியாளன், சாரதி, தேநீர் போடுகிறவன், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன். கல்முனையில் பிறந்து, சிட்னியில் டாக்ஸி ஓட்டி, பயணிகள் தாங்க முடியாமல் நட்சத்திரங்களைக் குறைத்ததால் இந்த வேலைக்கு வந்தவன் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

மேசைக்கு எதிரே யோகராணி இருந்தார். குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்து ரயிலில் வந்திருந்தார். வீட்டில் கார் நிற்கிறது, அவருக்கு ஓட்டவும் தெரியும். ஆனால் முன்கதவைத் திறந்து காரில் ஏறுவதை அயலவர் பார்ப்பார்களே என்று, பின்வேலிப் படலையால் வெளியேறி நடந்தே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்.

முந்தின நாள் பின்னேரம் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு பொலிஸ் கார்கள் வந்து நின்றன. அலுமாரியைக் கொட்டினார்கள். பிள்ளைகளின் புத்தகப் பைகளைக் கவிழ்த்தார்கள். குசினிக்குள் போய் அரிசி வாளிக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் யோகராணிக்கு மூன்று விஷயம் தெரிய வந்தது. அவருடைய கணவர் அருந்தவன் பாங்கில் வேலை செய்யவில்லை. கடைகளிலும் கோயில்களிலும் பணம் ஏற்றிப் போகும் வண்டியில், இடுப்பில் ரிவோல்வரோடு காவலுக்குப் போகிறார். அந்த ரிவோல்வர் காலையில் இருந்து காணவில்லை.

"நாலு வருசமா பாங்கில வேலை எண்டுதான் சொன்னவர் அக்கா. காசுப் பகுதி எண்டவர்," என்றார் யோகராணி. "நான் அதை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்."

தன்னுடைய தமையன் ஊரில் எப்படிச் செத்தார் என்று அவர் விவரிக்கவில்லை. தங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லே புழங்குவதில்லை, பிள்ளைகளுக்கு விளையாட்டுத் துவக்குக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை என்று மட்டும் சொன்னார். சிவகௌரி அதற்கு மேல் கேட்கவில்லை.

பொலிசுக்கு அருந்தவன் மேல் சந்தேகம் வரக் காரணம் ஒரு உறை. இடுப்புப் பட்டியில் மாட்டி, ரிவோல்வரைச் செருகி வைக்கும் உறை. கம்பெனி தன் காவலர்களுக்கெல்லாம் தடித்த தோலில் செய்த நல்ல உறையை இலவசமாகவே கொடுக்கிறது. ரிவோல்வரின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது. மேலே ஒரு வார், அதில் ஒரு பொத்தான். போட்டிருப்பவனின் பெருவிரல் அழுத்தாமல் அது திறக்காது. அருந்தவனின் தோல் உறை கம்பெனி அலுமாரியில் பாவிக்காமல் தொங்குகிறது. அவர் இடுப்பில் இருந்ததோ இணையத்தில் வாங்கிய மலிவான நைலோன் உறை, அதுவும் வெறுமையாக. நல்லது சும்மா கிடைக்கும்போது சொந்தக் காசில் கெட்டதை ஏன் ஒருவன் வாங்குகிறான்? துவக்கை விற்றுவிட்டு, விழுந்துவிட்டது என்று சொல்லத்தான். பொலிஸ் இப்படித்தான் யோசித்தது. யோசனையில் ஓட்டை இல்லை என்பதுதான் யோகராணியைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

அவர் ஒரு மளிகைப் பையில் இருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அதே உறை. ஒரு பொதியில் இரண்டு வந்திருக்கிறது. பாவித்ததைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, இது மிச்சம்.

தன்ஸீல் அதைத் தூக்கிப் பார்த்தான். எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை யாருக்கும் பொருந்தாது என்பது அவனுக்குத் தெரியும். மூடுவதற்குப் பொத்தான் இல்லை. கிர்ரென்று பிரிக்கிற ஒட்டுப்பட்டிதான்.

"ரெண்டு எடுத்தா மலிவு எண்டு எடுத்திருப்பார்," என்றான். "துவக்குக்கும் தள்ளுபடி பாத்த கஞ்சப்பிரபுவ இப்பதான் பாக்கன்."

யோகராணி சிரிக்கவில்லை. வெறும் பையை எடுத்து நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார். சிவகௌரி தன்ஸீலைப் பார்த்த பார்வையில் அவன் தேநீர் போட எழுந்தான்.

"அவர் வித்தவரோ, விழுத்தினவரோ?" யோகராணி தாழ்ந்த குரலில் கேட்டார். "அதை மட்டும் கண்டுபிடிச்சுத் தாங்கோ அக்கா. வித்திருந்தால் நான் பிள்ளையளோட தனியப் போயிருவன். விழுத்தியிருந்தால், என்ன வந்தாலும் அவரோட நிப்பன்."

---

அருந்தவன் தன் வீட்டுக் கராஜில், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். வீட்டுக்குள்ளே இருக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவரே வெளியே வந்துவிட்டார்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், முகத்தை மட்டும் காட்டவில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் இடம் அம்மன் கோயில், உண்டியல் பணம் எடுக்க. அடுத்தது ஒரு பெட்ரோல் ஷெட். அங்கே இறங்கும்போதுதான் இடுப்பில் கனம் இல்லை என்று தெரிந்தது. உடனே கம்பெனிக்கு அறிவித்தார். வண்டியை ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டார்கள், இல்லை. ஆகவே கோயிலில்தான். வாசலில் குந்தியிருந்து பூட்ஸ் கழற்றினேன், அப்போது விழுந்திருக்கும் என்றார். உள்ளே போனீர்களா என்று சிவகௌரி கேட்டதற்கு, வாசலை ஒட்டிய அலுவலக அறைக்குள் மட்டும் போய்ப் பையை வாங்கிக்கொண்டு வந்தேன், மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை என்றார். கம்பெனிச் சட்டம் அப்படி. பணப் பையோடு வேறெங்கும் போகக்கூடாது. போனால் வேலை இல்லை.

"ஏன் தம்பி உந்த மலிவு உறை வாங்கினீர்?"

"விலை குறைவு எண்டு வாங்கினன்," என்றார் அருந்தவன், குளிர்பெட்டியைப் பார்த்து.

காரில் ஏறியதும் தன்ஸீலுக்குப் பொறுக்கவில்லை. "இலவசத்த விட விலை குறைவா என்ன இரிக்கி அக்கா?"

"அதுதான் கேள்வி," என்றார் சிவகௌரி. "அவற்ற பேர்ஸைப் பாத்தனீரோ? துணி. மணிக்கூட்டு வார் றப்பர். இடுப்புப் பட்டி கான்வஸ்."

"சொன்னனே, கஞ்சன்."

சிவகௌரி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பேசாமல் இருந்தால் ஒன்றில் கோபம், அல்லது யோசனை. தன்ஸீல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் வைத்திருந்தான், வானொலியைப் போட்டான்.

அம்மன் கோயில் ஒரு காலத்தில் டயர்க் கடையாக இருந்த கொட்டகை. ஒரு பக்கம் கார் நசுங்கல் நிமிர்த்தும் கடை, மறுபக்கம் குளியலறை ஓடு விற்கும் கடை, நடுவில் சின்னக் கோபுரம். நிர்வாகி விக்னராஜா வாசலிலேயே நின்றார். ஓய்வுபெற்ற கணக்காளர்; வேட்டி சால்வையில், விபூதி அழியாத நெற்றியோடு, கோயிலைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறவர். வாகனத் தரிப்பிடம் பெரிதாக்க நகரசபையிடம் அனுமதி கேட்டிருக்கிறார்கள், இந்த நேரத்தில் துவக்குக் கதை பேப்பரில் வந்தால் என்ன ஆகும் என்று அவர் முதல் வார்த்தையிலேயே கவலைப்பட்டார்.

தன்ஸீல் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைக்கப் போனான். விக்னராஜா அவனுடைய இடுப்பைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினையாதையும். பெல்ட் தோல்தானே? அதையும் கழட்டி வைச்சிட்டு வாரும். மாட்டுத் தோலோட அம்மாளுக்கு முன்னால நாங்கள் ஒருத்தரையும் விடுறேல்லை."

மனிதருடைய குரலில் கடுமை இல்லை, ஆனால் அசையவும் மாட்டார் என்று தெரிந்தது. விருந்தாளியாக வந்த வீட்டில் வீட்டுக்காரன் சொல்வதுதான் சட்டம். தன்ஸீல் பெல்ட்டைக் கழற்றினான். போன நோன்பில் மெலிந்த உடம்பு இன்னும் தேறவில்லை. கோயிலைச் சுற்றிப் பார்த்து முடியும் வரை ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தான். அந்த நிலையில் துப்பறிவது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் எந்த நூலிலும் எழுதியதில்லை.

பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. மண்டபம் முழுக்கத் தடித்த சிவப்புக் கம்பளம். அருந்தவன் உள்ளே வந்தாரா என்று கேட்டதற்கு, வரவே இல்லை, நேற்றுப் பொலிசுக்கும் அதைத்தான் சொன்னேன் என்றார் விக்னராஜா. சொல்லும்போது சால்வை நுனியைத் திருகினார். திரும்பும்போது ஒரு தொண்டர் அம்மா இருவருக்கும் வாழைப்பழமும் அவித்த கடலையும் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, அம்மாளுடைய நாள், எப்போதும் சர்க்கரைப் பொங்கல்தான், இன்றைக்கு ஐயா மடைப்பள்ளியைப் பூட்டி வைத்துக்கொண்டு அரிசி முடிஞ்சுது என்கிறார் என்று அவர் கொஞ்சம் மனக்குறையோடு சொன்னார்.

"இந்த ஊர்ப் பக்தர்மார் நல்லாச் சாப்பிடுவாங்க போல," என்றான் தன்ஸீல், காரில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "சனிக்கிழம நானாட கடையில இருந்து பெரிய மூட்ட ஒண்டு இந்தக் கோயிலுக்கு ஏத்தினான். என்ட முதுகு இன்னும் நிமிரல்ல."

சிவகௌரி அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வானொலியை நிறுத்தினார்.

---

அலுவலகத்துக்கு வந்ததும் பரிசோதனை. தோட்டக் குழாயின் நுனியில் மாட்டித் தண்ணீர் அடிக்கிற இரும்புக் கைப்பிடி ஒன்றைச் சிவகௌரி வழியில் வாங்கியிருந்தார். அதில் மீன்பிடி ஈயத்தைச் சுற்றி, ரிவோல்வரின் கனத்துக்குக் கொண்டுவந்தார். அதை நைலோன் உறைக்குள் செருகி, தன்ஸீலின் இடுப்பில் மாட்டி, வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார். இந்த மலிவு உறை நாளாந்தம் போட்டுத் திரிகிறதுக்குப் போதுமா, போதாதா? அது தெரியாமல் அருந்தவனை நம்பவும் முடியாது, நம்பாமல் விடவும் முடியாது.

தன்ஸீல் படியேறினான், இறங்கினான். காருக்குள் ஏறினான். நானாவின் கடையில் வெங்காய மூட்டை தூக்கினான். உறை இடுப்பில் ஆடியது, சரிந்தது, தொடையில் இடித்தது, விழவில்லை. குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டி அவிழ்த்தான். அப்போது தொடை முட்டி ஒட்டுப்பட்டி கிர்ரென்று பிரிந்தது. ஆனாலும் உறையின் வாய் மேலே பார்த்தபடி இருந்ததால் இரும்பு உள்ளேயே கிடந்தது. பத்துத் தடவை குந்தினான். பத்துத் தடவையும் அப்படியே.

"மலிவெண்டாலும் மானத்தக் காப்பாத்துது," என்றான். "வாசல்ல விழுந்தது எண்டு அவர் சொன்னது பொய், அக்கா."

"ஓம், பொய்தான்," என்றார் சிவகௌரி. முகத்தில் ஒரு சோர்வு. யோகராணிக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் யோசிப்பது தன்ஸீலுக்குப் புரிந்தது. பிள்ளைகளோடு தனியாகப் போய்விடுவேன் என்று சொன்ன பெண். அவனுக்கும் மனம் பாரமாகிவிட்டது. மதிய லுஹர் தொழுகைக்கு நேரம் வந்திருந்தது. பின்னறைக்குப் போய், கை கால் முகம் கழுவி ஒளூச் செய்து, பாயை விரித்தான். இடுப்பில் இருந்ததை மறந்தே போனான்.

சிவகௌரி அடுத்த அறையில் இருந்தார். அவன் ருகூஉவுக்குக் குனிந்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஸுஜூதுக்குப் போய் நெற்றியைப் பாயில் வைத்தபோது கிர்ரென்றது. அடுத்த கணம் பொத்தென்று ஒரு சத்தம்.

தொழுது முடியும் வரை அவர் வாசலில் காத்துக்கொண்டு நின்றார். இரும்புக் கைப்பிடி பாயின் ஓரத்தில் கிடந்தது. தன்ஸீல் ஸலாம் கொடுத்துத் திரும்பி, அதைப் பார்த்து, அவரைப் பார்த்தான். அவனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. தொழுகைப் பாயில் துவக்கு உறையோடு நின்றிருக்கிறேன், இறைவா, இது என்ன மறதி என்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டான்.

"என்ன நடந்தது எண்டு விளங்குதோ?" என்றார் சிவகௌரி.

தன்ஸீலுக்கு மெல்ல விளங்கியது. குந்தினால் விழாது. படியேறினாலும் விழாது. நெற்றி நிலத்தில் பட்டு, இடுப்பு தலைக்கு மேல் போகும்போது மட்டும் உறையின் வாய் நிலத்தைப் பார்க்கிறது. அப்படி ஒரு மனிதன் எப்போது செய்வான்?

"விழுந்து கும்பிட்டிரிக்கார்," என்றான். "மண்டபத்துக்குள்ள போயிரிக்கார். கம்பளத்தில விழுந்தா சத்தம் வராது. தோள்ல காசுப் பையிட பாரம் இரிந்தா, இடுப்புக் குறைஞ்சதும் தெரியா." பிறகு தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப அந்த உறை..."

"தோல் உறையோட அம்மாளுக்கு முன்னால போகேலாது. அதாலதான் நைலோன். பேர்ஸ் துணி, வார் றப்பர், பட்டி கான்வஸ், எல்லாம் அதாலதான். விலை குறைவு எண்டு வாங்கினன் எண்டு எங்களுக்கு ஏன் சொன்னவர்? கோயிலுக்குள்ள போனனான் எண்டு சொன்னால் வேலை போயிரும். அதைவிட, கஞ்சன் எண்டு பேர் வாங்குறது சுகம் எண்டு நினைச்சிருப்பார்."

காலையில் தான் அடித்த பகிடி தன்ஸீலுக்கு ஞாபகம் வந்தது. எட்டாக மடிந்த அந்தப் பையும் ஞாபகம் வந்தது. அவன் இரும்புக் கைப்பிடியை எடுத்து மேசையில் வைத்தான், சத்தம் வராமல்.

சிவகௌரி அதற்குள் பொலிசோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகு குவேக்கர்ஸ் ஹில்லில் யோகராணிக்குப் பேசினார்.

---

பொலிஸ் வந்துசேர முதல் அவர்கள் கோயிலில் இருந்தார்கள். அருந்தவனும் யோகராணியும் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில், ஒருவரை ஒருவர் தொடாத தூரத்தில் நின்றார்கள். நடை சாத்தியிருந்தது. தன்ஸீல் இம்முறை சொல்லாமலே பெல்ட்டைக் கழற்றி வைத்தான்.

"அண்ணை, பொலிஸ் வந்துகொண்டிருக்கு," என்றார் சிவகௌரி விக்னராஜாவிடம். "மடைப்பள்ளித் திறப்பை அவையிட்டக் குடுங்கோ. அரிசிக்குள்ள இருக்கிறதை நாங்கள் தொடப்படாது."

விக்னராஜா திறப்புக் கோர்வையைச் சால்வைக்குள் மறைத்தார். அரிசி முடிந்துபோனது என்று இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். சனிக்கிழமை வந்த மூட்டையைத் தூக்கின ஆள் இதோ நிற்கிறார் என்று சிவகௌரி தன்ஸீலைக் காட்டினார். தன்ஸீல் காற்சட்டையைப் பிடித்தபடி தலையை ஆட்டினான். வேறு ஒரு நாளாக இருந்தால் இந்த இடத்தில் அவனிடம் நல்ல வசனம் ஒன்று இருந்திருக்கும்.

பெரியவர் அலுவலக அறைக் கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். பூசை முடிந்து திரை போட வந்தபோது கம்பளத்தில் அது கிடந்ததாம். வெளியே ஓடிப்போனார், வண்டி போய்விட்டது. கம்பெனிக்கு அழைக்கத்தான் நினைத்தார். ஆனால் கோயிலுக்குள் துவக்கு என்று ஒரு சொல் வெளியே போனால், நகரசபை, பேப்பர், வெள்ளைக்கார அயலவர்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. காவலுக்கு வந்த பிள்ளை திரும்பி வருவான், கையில் கொடுத்துவிடலாம் என்று அரிசிக்குள் புதைத்தார். திரும்பி வந்ததோ பொலிசோடு. மண்டபத்துக்குள் வரவே இல்லை என்று அருந்தவன் பொலிசிடம் சொன்னார். சொல்லிவிட்டு விக்னராஜாவைக் கெஞ்சுவது போலப் பார்த்தார்.

"பாவம், பிள்ளையின்ர வேலை போகப்படாது எண்டு நானும், ஓம், வரேல்லை எண்டிட்டன்," என்றார் விக்னராஜா. "அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது? உள்ளுக்க வராதவன்ர துவக்கு எப்பிடி உள்ளுக்க கிடக்கும்?"

ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டன. திறப்பு இரண்டு பேரிடமும் இல்லை. அருந்தவன் தன் பொய்யால் துவக்கைத் தேட வேண்டிய இடத்தைத் தானே மறைத்தார். பெரியவர் தன் பொய்யால் கண்டெடுத்ததைக் கொடுக்க முடியாமல் இருந்தார். இதற்கிடையே குண்டு போட்ட ரிவோல்வர் ஒன்று ஒரு நாளுக்கு மேல் அரிசிக்குள் கிடந்தது. தொண்டர் அம்மா சுண்டு எடுத்து அரிசி அளக்கக் கை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிவகௌரி கேட்டார். விக்னராஜா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"இன்னொண்டும் இருக்கு," என்றார் மூடிய கைக்குள்ளிருந்தே. "போன தைப்பூசத்தில அருந்தவன் தோல் உறையோட மண்டபத்துக்குள்ள வந்தவர். அவ்வளவு சனத்துக்கு முன்னால, மாட்டுத் தோலோட வாறதுக்கு வெக்கமில்லையோ எண்டு கத்திப்போட்டன். துவக்கோட வந்ததைப் பற்றி நான் ஒண்டும் கேக்கேல்லை. தோலைத்தான் கேட்டனான்."

தன்ஸீல் நிலத்தைப் பார்த்தான். காலையில் அவனிடமும் அந்த மனிதர் தோலைத்தான் கேட்டார்.

சப்பாத்துத் தட்டுப் பக்கம் யோகராணியின் குரல் கேட்டது. கோபமான குரல் இல்லை. கேட்க ஒரு நாள் பிந்திய குரல்.

"வேலை நேரத்தில, காசுப் பையோட, என்னத்துக்கு உள்ளுக்க போய் விழுந்தனீங்கள்?"

அருந்தவன் தன் கான்வஸ் பட்டியைத் தடவிப் பார்த்தார். வெளியே ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஒவ்வொரு திங்களும் விழுறனான்," என்றார். "அதை இடுப்பில கட்டிக்கொண்டு திரியுறதுக்கு மன்னிப்புக் கேக்க. வேற வேலை கிடைக்கேல்லை, ராணி. உன்ர அண்ணையை நினைச்சு உனக்குச் சொல்ல வாய் வரேல்லை. அம்மாளிட்ட எண்டாலும் சொல்லுவம் எண்டு. எப்பவும் உறையைக் கையால பொத்திக்கொண்டு விழுறனான், நேற்று மறந்திட்டன்."

மன்னிப்புக் கேட்டு விழுந்த அந்த நேரத்தில்தான் அது இடுப்பை விட்டுப் போயிருக்கிறது.

பொலிசார் உள்ளே வந்தார்கள். விக்னராஜா எழுந்து, தன் கையாலேயே மடைப்பள்ளியைத் திறந்து, அரிசிப் பீப்பாவைக் காட்டினார். கையுறை போட்ட ஒருவர் உள்ளே கை விட்டு எடுத்தபோது ரிவோல்வரில் இருந்து அரிசி உதிர்ந்தது. விற்கவில்லை என்பது அந்த இடத்திலேயே முடிந்தது. மற்றவை முடியவில்லை. வேலை போகும், அது நிச்சயம். துவக்கு அனுமதிப் பத்திரம், பொலிசுக்குச் சொன்ன பொய், விக்னராஜா மறைத்த குற்றம், இவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல இரண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் மறுக்கவில்லை.

அருந்தவன் சப்பாத்துப் போட வாசற்படியில் இருந்தார். இரண்டு மூன்று தரம் குத்தியும் நூல் துளைக்குள் போகவில்லை. யோகராணி அவருக்குப் பக்கத்தில் இருந்து, நூலை வாங்கிக் கோத்துக் கட்டினார். பக்கத்துக் கடை வாசலில் ஓடு விற்கிறவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

தன்ஸீல் கிட்டப் போனான். இந்த முறை மூளையை முன்னே விட்டு, வாயைப் பின்னால் நிறுத்தினான்.

"அக்கா, காலையில கஞ்சன் எண்டு நான் சொன்னத்துக்கு..."

"நீங்கள் கஞ்சன் எண்டுதான் நினைச்சனீங்கள், தம்பி," என்றார் யோகராணி, முடிச்சில் இருந்து கண்ணை எடுக்காமல். "நான் கள்ளன் எண்டு நினைச்சிட்டன்."

அருந்தவன் அதைக் கேட்டார். குனிந்திருந்த மனைவியின் தலையில் கையை வைத்தார். பொலிஸ்காரர் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அன்று காலை பின்வேலிப் படலையால் ஒளிந்து போன யோகராணி, எல்லாரும் பார்க்கும் அந்தத் தெருவில், கணவருக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார்.